ஐம்பது வீரர்களுக்கு ஒரு பகடை

ஜூன் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மச்சான் எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன். தங்கச்சி மருந்துக்கடையிலிருந்து தினமும் ஃபோன் செய்கிறாள், உனக்குச் சளி பிடித்ததும் விட்டதும் எனக்குத் தெரியும்.

பஸ்ஸில் இருபது நிமிஷத் தூரத்தில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதே. யோசனை உன் மனைவியுடையது. போன மாதம் நாம் ஃபோனில் பேசியது மொத்தம் நான்கு நிமிஷம். அதில் மூன்று நிமிஷம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். "எழுதிக் குடுங்க, நான் கொண்டுபோறேன். ஒருத்தர் முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் சும்மாவாவது இருப்பீங்க" என்றாள். நான் உன் வீட்டுக்கு வந்தால் நீ பால்கனியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுகிறாய். நான்கு வருஷமாக இப்படி ஊற்றினால் செடி என்னத்துக்கு ஆகும்?

விஷயத்துக்கு வருகிறேன். நூலகத்தின் மாடி அறையை செப்டம்பர் முதல் ஞாயிறு முழு நாளும் கேட்டு வாங்கிவிட்டேன். நூலக அம்மா அப்படி என்ன விளையாட்டு என்று துருவித் துருவிக் கேட்டார். "ஒருத்தர் கதை நடத்துவார். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரமா இருப்பாங்க. வாளை எடுக்கறதோ பேசிச் சமாளிக்கறதோ அவங்கவங்க இஷ்டம். முடியுமா முடியாதான்னு வந்துட்டா இருபது முகப் பகடையை உருட்டுவோம். பெரிய எண் விழுந்தா பிழைச்சோம்" என்றேன். "சத்தம் வருமா?" என்றார். "பேச்சுச் சத்தம் மட்டும்தாம்மா" என்று பொய் சொன்னேன்.

உன் மேஜையில் ஆடுகிறவர்களும் என் மேஜையில் ஆடுகிறவர்களும் நம் முதுகுக்குப் பின்னால் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். உங்கள் பக்கம் உன்னையும் சேர்த்துப் பதினொரு பேர், என் பக்கம் ஒன்பது பேர், இருபது பேரும் ஒரே படை. எதிரிப் படையை நான் நடத்துகிறேன். இரண்டு பக்கமும் சேர்த்து நாலாயிரம் வீரர்கள். நம்மிடம் இருப்பதோ ஒருவனோடு ஒருவன் மோதுகிற விதிகள். போன மாதம் பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு பேர் மோதவிட்டுப் பார்த்தேன், மூன்று மணி நேரம் ஆனது. இந்தக் கணக்கில் நாலாயிரம் பேர் மோதி முடிப்பதற்குள் நாமெல்லாம் ஓய்வு பெற்றுவிடுவோம்.

அதனால் பெரும்போருக்கென்று நானே விதிகள் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது. சரி என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அன்புடன்,
உன் மச்சான்

ஜூன் 25

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இதோ: உங்கள் விதிகள் உதவாது.

எட்டுச் சுற்று என்கிறீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் நீங்கள் மறைப்பு அட்டைக்குப் பின்னால் பகடையை உருட்டி, யார் முன்னேறினார்கள் என்று அறிவிப்பீர்களாம். அப்படியானால் மற்ற இருபது பேருக்கும் என்ன வேலை? டீ குடிப்பதா?

என் யோசனையைச் சொல்கிறேன். எங்கள் கம்பெனியில் எண்பது அடுக்குத் துணியை விரித்து, மேலே அளவு வரைந்து, ஒரே வெட்டாக வெட்டுகிறோம். எண்பது சட்டைக்கு எண்பது தடவை கத்தி ஓட்டினால் அன்றைக்கே எனக்குச் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். படையும் அப்படித்தான். ஐம்பது வீரர்கள் ஒரு குழு. ஐம்பது பேருக்கும் ஒரே பகடை. அடிக்கும் பலம், தாங்கும் பலம், தைரியம் என்று குழுவுக்கு மூன்றே எண்கள். நாலாவது எண் வைத்தால் யாருக்கும் நினைவிருக்காது. நம் ஆட்களில் ஒருவர் போய் ஒரு குழுவோடு நின்றால் அவருடைய பலம் அந்தக் குழுவுக்குச் சேரும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கட்டிங் மேஜையில் பொத்தான்களை வைத்துப் பதினைந்து போர் நடத்திவிட்டேன். நம் படை வெள்ளைச் சட்டைப் பொத்தான், எதிரி கறுப்புக் கோட்டுப் பொத்தான். துணி விரிக்கிற இரண்டு பேர் இப்போது சாப்பிடுவதையே மறந்துவிட்டார்கள். ஒருநாள் சூப்பர்வைசர் வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "இடது பக்கம் காலியா கெடக்கே, கவனிக்கலியா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் தளபதியின் தம்பியாக வருகிறேன். செத்துப்போன என் தளபதிக்கு ஒரு தம்பி இருந்தான் என்று எழுதிக்கொண்டேன். எண்கள் எல்லாம் அண்ணனுடையவை. ஆட்சேபணை இருக்காது என்று நம்புகிறேன்.

அவனைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் எழுதிவிடுகிறேன், உள்ளுக்குள் வைத்துப் புழுங்க என்னால் முடியாது. ஐந்து வருடம் நான் ஏற்று ஆடிய பாத்திரம் அவன். ஒரு சண்டையிலும் விழாதவன். கோட்டை வாசலில் முந்நூறு வில்லாளிகளோடு நின்றான். உயிர் போகிற உருட்டைக் கதை நடத்துபவர்தான் அட்டைக்குப் பின்னால் உருட்ட வேண்டும் என்பது உங்கள் மேஜை வழக்கம். ஒரே ஒரு தடவை உருட்டினீர்கள். "நாலு. எல்லாரும் செத்தாங்க" என்றீர்கள். அந்த நாலை நானும் பார்க்கவில்லை, வேறு யாரும் பார்க்கவில்லை. எழுந்து வந்தேன், இரண்டு பேர் என்னோடு வந்தார்கள். நான்கு வருடம் ஆகிவிட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்படிக்கு,
கட்டிங் மாஸ்டர்

ஜூலை 1

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

"நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் இதைவிட நன்றாகத் தூங்கியிருப்பேன்.

ஐம்பது பேருக்கு ஒரு பகடை, மூன்று எண்கள். பிரமாதம். என் விதிகளைக் கிழித்துப் போட்டுவிட்டேன், அதில் எனக்கு வெட்கமே இல்லை. ஆனால் உன் விதிகளில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நான் லிஃப்ட் பார்க்கிற ஆஸ்பத்திரியின் மொட்டைமாடியில் மெஷின் அறை ஒன்று இருக்கிறதே, அங்கே உட்கார்ந்து போல்ட்டையும் வாஷரையும் அடுக்கி ஆடிப் பார்த்தேன். உன் விதிப்படி ஒரு வீரன் போய் நின்றால் அவன் பலம் குழுவின் பகடைக்குச் சேர்கிறது. பகடையோ ஐம்பது பேருக்கும் சேர்த்து. ஆக, நீ போய் நின்ற மறுநிமிஷம் ஐம்பது பேரும் நீயாகிவிடுகிறார்கள்! உன் தம்பிக்காரனைக் கரண்டி பிடித்த சமையல்காரர்களோடு நிறுத்தினேன், குதிரைப்படையைத் துரத்தித் துரத்தி அடித்தார்கள். நெஞ்சைத் தொட்டுச் சொல், பதினைந்து போரில் நீ நின்ற குழு எத்தனை தடவை தோற்றது?

நான் மாற்றியது இது. கூட நிற்கிற வீரனால் குழுவின் தைரியம் மட்டும் ஒரு எண் கூடும், அடி கூடாது. அடுத்தது, லிஃப்டில் சுமை கூடினால் மணி அடிக்கும், அடித்தால் கதவு மூடாது. அதேபோல் ஒரு குழுவில் பாதிப்பேர் விழுந்ததும் மணி அடிக்க வேண்டும். மணி அடித்தால் அந்தக் குழு நிற்குமா ஓடுமா என்று தைரியத்துக்கு உருட்ட வேண்டும். ஓடினால், கூட நின்ற வீரன் தன் உயிருக்குத் தனியாக உருட்ட வேண்டும். கடைசி ஆள் வரைக்கும் சாகிற படை எந்த ஊரிலும் இல்லை.

தம்பி வரட்டும், ஆட்சேபணை இல்லை. அந்த நாலைப் பற்றி: அது நாலுதான்.

அன்புடன்,
மச்சான்

ஜூலை 9

மச்சானுக்கு,

பதினைந்துக்குப் பதினைந்தும் ஜெயித்தது. சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

எப்படி என் கண்ணில் படாமல் போனது என்று தெரியவில்லை. துணி விரிப்பவர்களிடம் கேட்டேன். "நாங்க மூணாவது நாளே பாத்துட்டோம் மாஸ்டர், நீங்க சந்தோஷமா இருந்தீங்களேன்னு சொல்லல" என்கிறார்கள். மூக்கறுபட்டேன். உன் திருத்தம் இரண்டும் சரி. மணி அபாரம். ஐந்து நாளாக அப்படியே ஆடுகிறோம். வெள்ளைப் பொத்தான் இரண்டு தடவை தோற்றது, தோற்கும்போது ஆட்டம் இன்னும் நன்றாக இருக்கிறது.

இப்போது என் ஒரே நிபந்தனை. அட்டை கூடாது. உயிர் உருட்டு உட்பட எல்லா உருட்டும் நடு மேஜையில், அவரவர் கையால், எல்லோரும் பார்க்க. இதற்குச் சரி என்றால் பதினொரு பேரும் வருகிறோம். இல்லை என்றால் ஒருவரும் வரமாட்டோம்.

அட்டை இல்லாமல் என் ஆள் எப்படி நிற்கிறான் என்று நீ பார்க்கத்தான் போகிறாய். பாலத்தில் நாற்பது பேரைத் தனியாளாக மறித்தவனின் தம்பி அவன். அந்தப் பாலம் உனக்கு நினைவிருக்கும். அன்று ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது உன் பைக்கின் பின்னால் உட்கார்ந்துகொண்டுதான் உன் தங்கையைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசை என்று சொன்னேன். அதற்கு முன் மூன்று மாதமாக வாய் வரைக்கும் வந்து வந்து போனது. நாற்பது பேரை மறித்தவனுக்கு உன்னிடம் ஒரு வார்த்தை சொல்வது பெரிய காரியமா என்று அன்றைக்குத் தோன்றிவிட்டது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் நடந்தது அதுதான்.

பதில் எதிர்பார்க்கிறேன்.

மாப்பிள்ளை

ஜூலை 16

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அட்டை வைக்க மாட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மறுத்துத்தான் எழுத ஆரம்பித்தேன். ரகசியம் போனால் சுவை போகும், கதை நடத்துபவருக்கு மறைப்பு அவசியம் என்று மூன்று பக்கம். படித்துப் பார்த்தால் வக்கீல் எழுதியது மாதிரி இருந்தது. என்ன பயம் எனக்கு என்று யோசித்தேன். நடு மேஜையில் உருட்டினால் உன் ஆள் மற்றவர்கள் மாதிரிதான் சாவான் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. உன் கடிதத்தில் பாலத்தைப் பற்றிப் படித்தபிறகு இதை மறைத்துவைத்துக்கொண்டு உன் முன்னால் உட்கார என்னால் முடியாது.

பாலத்தில் உனக்குப் பதினொன்று வேண்டியிருந்தது. அட்டைக்குப் பின்னால் விழுந்தது மூன்று. பதினேழு என்று சொன்னேன்.

சதுப்பு நிலத்தில் ஒரு தடவை, சிறையில் ஒரு தடவை இதே பொய். மொத்தம் மூன்று தடவை. மற்றதெல்லாம் நீயே ஜெயித்தது.

பாலத்துக்குக் காரணம் இருந்தது. அந்த வாரம்தான் பழைய கம்பெனியில் உன்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கப்பல் கவிழ்ந்த முகத்தோடு வந்து உட்கார்ந்தாய். உன் தளபதியும் செத்துப்போனால் இன்றைக்கு நீ எதை நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாய் என்று தோன்றியது. வாய் தன்னால் பதினேழு என்றது. மற்ற இரண்டுக்கும் அப்படிக் காரணம் கிடையாது. பழகிவிட்டது, அவ்வளவுதான்.

நாளாக ஆக உனக்குப் பயமே இல்லாமல் போனது. யார் பேசினாலும் காதில் விழாது. நீ முன்னால் ஓடுவாய், மற்றவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒருவர் என்னிடம் தனியாக வந்து, "கை தட்டறதுக்கு நான் எதுக்கு வரணும்?" என்று கேட்டார். கோட்டை வாசலில் நாலு விழுந்தது. அன்றைக்கு விழுந்ததை அப்படியே சொன்னேன். அன்று சொன்னது மட்டும்தான் நிஜம், அதைத்தான் நீ பொய் என்றாய். நான்கு வருஷம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது பெரிய தப்பு. மன்னித்துக்கொள் என்று கேட்கிறேன்.

செப்டம்பரில் நீ வர வேண்டும். நீ இல்லாமல் எனக்கு இந்தப் போர் வேண்டாம்.

மச்சான்

ஆகஸ்ட் 5

மாப்பிள்ளை,

மூன்று வாரமாகத் தங்கச்சி வெறுங்கையோடு வருகிறாள். "படிச்சாரு, மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு, அவ்வளவுதான்" என்கிறாள். திட்டியாவது எழுது. அறையை நான் ரத்து செய்யவில்லை.

மச்சான்

ஆகஸ்ட் 19

மச்சான்,

திட்டத்தான் எழுதுகிறேன்.

என் வாழ்க்கையில் நான் மார்தட்டிச் சொல்லிக்கொண்ட காரியங்கள் அதிகம் இல்லை. பாலம் அதில் ஒன்று. புதுக் கம்பெனியில் வேலை கேட்டுப் போன அன்றும் அதை நினைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தேன். அது நீ பாவம் பார்த்துக் கொடுத்த பிச்சை என்று தெரிந்ததும் இரண்டு நாள் கத்தியையே தொடவில்லை. உதவியாளரை வெட்டச் சொன்னேன். அப்புறம், எனக்குத் திமிர் ஏறிவிட்டது என்கிறாய். பதினேழு பதினேழாக ஊட்டி வளர்த்தது யார்? ஊட்டியவனே வயிறு பெருத்துவிட்டது என்று குறை சொல்லலாமா?

உன் தங்கையிடம் ஒருநாள் எல்லாவற்றையும் கொட்டினேன். நம் கல்யாணமே ஒரு பொய்யில் நிற்கிறது என்று சொல்லிவிட்டேன். அவள் மாத்திரை அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"எங்க அண்ணன் பதினேழுன்னு சொன்னாரு. சரி. மறுநாள் கடைக்கு வந்து, இருமலே இல்லாம இருமல் மருந்து கேட்டு, மீதிச் சில்லறையை வாங்காம நின்னு, என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டது யாரு? அதையும் அவரா சொல்லிக்குடுத்தாரு?"

அடுத்த அட்டையை எடுத்து எண்ணினாள்.

"நான் சரின்னு சொன்னேனே, எந்தப் பகடையைப் பாத்துச் சொன்னேன்?"

அதற்குப் பிறகு அவள் இருபது வரைக்கும் எண்ணிவிட்டு, "உங்களால தப்பு, திரும்ப எண்ணணும்" என்றாள்.

என் மேஜை ஆட்களிடமும் கேட்டேன், நீங்கள் சொல்வது என் காதில் விழுகிறதா என்று. "பேச விட்டாத்தானே மாஸ்டர்" என்றார் ஒருவர். ஆக, அந்த விஷயத்தில் நீ சொன்னது சரி. உன்மேல் கோபம் இன்னும் போகவில்லை என்பதும் சரி.

வருகிறேன். எங்கள் ஆட்களும் வருகிறார்கள். துணி நான் கொண்டுவருகிறேன், ஆறும் மேடும் சாக்பீஸில் வரைந்திருக்கிறேன். தம்பியைப் பின்வரிசையில் பதுக்கி வைக்க மாட்டேன், முன்னால்தான் நிற்பான். ஆனால் அவன் செத்தால் நான் எழுந்து போகமாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. என் குணம் எனக்கே நன்றாகத் தெரியும்.

மாப்பிள்ளை

செப்டம்பர் 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் நடுவில் இதையெல்லாம் உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நம் விதிகள் நின்றன. ஆறு மேஜையைச் சேர்த்துப் போட்டு உன் துணியை விரித்தபோதே எல்லோருக்கும் மூச்சு நின்றுவிட்டது. நாலாயிரம் பேர், எண்பது குழு, ஐந்தே மணி நேரம். யாரும் புத்தகத்தைப் புரட்டவில்லை, யாரும் சும்மா உட்காரவில்லை. இவ்வளவு பெரிய போரை இவ்வளவு சுத்தமாக நடத்தியவர்கள் வேறு யாராவது இருந்தால் காட்டு, காலில் விழுகிறேன். நான் கொண்டுவந்த பழைய லிஃப்ட் மணி இரண்டாம் சுற்றிலேயே பதினொரு தடவை அடித்தது. சத்தம் பொறுக்காமல் சண்டை போட மேலே வந்த நூலக அம்மாவை, நம் ஆட்களில் வராமல் போன ஒருவருடைய இரண்டு குழுக்களைக் கொடுத்து உட்காரவைத்தோமே, அது உன் யோசனைதான். அவருடைய முகத்தைக் கவனித்தாயா? எங்கே வைப்பது என்று தெரியாமல் பொத்தான்களைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் சுற்றில் உன் குழுவுக்கு மணி அடித்தேன். உருட்டினாய், குழு ஓடிவிட்டது. தம்பி தனியாக நின்றான். உயிர் உருட்டு. ஒன்பது வேண்டும். நடு மேஜையில் உருட்டினாய்.

இரண்டு.

ஒன்று சொல்கிறேன், அடிக்க வராதே. பன்னிரண்டு என்று சொல்ல என் வாய் திறந்துவிட்டது. பகடை எல்லோர் கண்ணுக்கும் முன்னால் கிடக்கிறது, அப்படியும் திறந்தது. அதற்குள் நீயே உரக்கச் சொன்னாய்: "ரெண்டு. போயிட்டான்."

பிறகு எழுந்தாய். உன் ஆட்களில் ஒருவர் பையை எடுக்கவே குனிந்துவிட்டார். இன்னொரு தடவை இதைத் தாங்க என்னால் முடியாது என்று நினைத்துக்கொண்டு மணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கதவுப் பக்கம் போகவில்லை. மேஜையைச் சுற்றி வந்து, ஒரு நாற்காலியை இழுத்து நூலக அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாய்.

"உங்க ரெண்டு குழுவை வச்சு என்ன செய்யணும்னு நினைக்கிறீங்க?" என்றாய்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதே, நீங்களே சொல்லுங்க" என்றார் அவர்.

"இல்லம்மா, நீங்க சொல்லுங்க. நான் கேக்கறேன்."

அவர் தயங்கித் தயங்கிப் பேச ஆரம்பித்தார். நீ நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டம் முடிகிற வரைக்கும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மாப்பிள்ளை. முன்னால் அட்டை இல்லாததால் எல்லோரும் பார்த்தார்கள்.

உன்,
மச்சான்